ஒன்பது ஏக்கரும் ஓர் அறிக்கையும்: நீதிபதி லீலா சேத் மகள்களின் பங்குரிமையில் விட்டுச்சென்ற தடம் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒன்பது ஏக்கர் பூர்வீக நிலம் வைத்திருந்த ஓர் இந்துக் குடும்பத் தலைவர், 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோனார் என்று கொள்வோம். மனைவி அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள். மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு மூன்று ஏக்கர் என்றுதான் எளிய மனம் கணக்குப் போடும். அன்றைய சட்டமோ வேறு விதமாகக் கணக்குப் போட்டது. தந்தை இறப்பதற்கு முந்தைய நொடியில் அவருக்கும் இரண்டு மகன்களுக்கும் இடையே ஒரு பாகப்பிரிவினை நடந்ததாக முதலில் பாவித்துக்கொண்டது; அதன்படி தந்தைக்கு மூன்று ஏக்கர், மகன்களுக்கு ஆளுக்கு மூன்று ஏக்கர். பிறகு தந்தையின் மூன்று ஏக்கரை மட்டும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்தது. முடிவில் மகன்கள் கையில் நான்கு நான்கு ஏக்கர், மகள் கையில் ஒரே ஓர் ஏக்கர். தந்தை தம் பங்கை மகன்களுக்கே உயில் எழுதி வைத்திருந்தால் அந்த ஓர் ஏக்கரும் இல்லை.

இந்தக் கணக்கு 2005 செப்டம்பர் 9 அன்று மாறியது. இன்று அதே குடும்பத்தில் அதே நிலம் மூன்று, மூன்று, மூன்று என்று பிரியும். இந்த மாற்றத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்களில் முதன்மையானது நீதிபதி லீலா சேத்தின் பெயர். டெல்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி அவர். இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண்ணும் அவரே. ஆனால் மகள்களின் பங்குரிமையை நிலைநாட்டிய தீர்ப்பு என்று அவர் எழுதிய எதையும் எடுத்துக்காட்ட இயலாது. அவருடைய பங்களிப்பு நீதிமன்றத்தை விட்டு வெளியேறிய பிறகு, சட்டச் சீர்திருத்தம் குறித்து அரசுக்கு ஆலோசனை கூறும் இந்திய சட்ட ஆணையம் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட 174 ஆவது அறிக்கை வழியாக நிகழ்ந்தது. ஆகவே ஒரு நீதிபதியின் தாக்கத்தைத் தீர்ப்புத் தொகுதிகளுக்குள் மட்டும் தேடுகிற வழக்கமான ஆய்வுமுறை அவர் விஷயத்தில் பயன்படாது. அறிக்கை என்ன சொன்னது, சட்டம் அதில் எதை எடுத்துக்கொண்டது, எங்கே அதைத் தாண்டியது, நீதிமன்றங்கள் அதை என்ன செய்தன என்று படிப்படியாக ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்த எழுத்தின் வழி.

வழக்கறிஞராக வந்த பாதை

லீலா சேத் 1930 அக்டோபர் 20 அன்று லக்னோவில் பிறந்தவர். கணவர் பாட்டா காலணி நிறுவனத்தில் பணிபுரிந்தார். அவருடைய பணி நிமித்தமாக லண்டனில் வாழ்ந்த காலத்தில், கைக்குழந்தையோடு இருந்த நிலையில், வகுப்புகளுக்கு அன்றாடம் போக வேண்டிய கட்டாயம் குறைவு என்பதால் சட்டப் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். 1958 இல் லண்டன் பாரிஸ்டர் இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றார். அத்தேர்வில் முதலிடம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

கல்கத்தாவில் மூத்த வழக்கறிஞர் சச்சின் சௌத்ரியிடம் தொழில் பழகச் சென்றபோது நடந்ததை அவர் தம் தன்வரலாற்றில் பதிந்திருக்கிறார். சட்டத்துறையில் நுழைவதைவிடத் திருமணம் செய்துகொள்ளலாமே என்று மூத்தவர் அறிவுரை கூறினார்; திருமணமாகிவிட்டது என்று பதில் வந்தது. அப்படியானால் ஒரு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்றார். குழந்தையும் இருக்கிறது என்றார் இவர். ஒற்றைக் குழந்தையாக வளர்வது நல்லதல்ல, இன்னொன்று வேண்டும் என்றார். இரண்டு இருக்கின்றன என்று பதில் கிடைத்த பிறகே அவரைத் தம் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார். மூத்தவர் தீய எண்ணத்தோடு பேசியவர் அல்லர். ஒரு பெண் வாழ்வில் அடுத்தடுத்து என்ன வரவேண்டும் என்று அன்றைய நல்ல மனிதர்களும் கொண்டிருந்த வரிசையையே அவர் ஒப்பித்தார். அந்த வரிசைதான் சட்டப் புத்தகத்திலும் வேறு சொற்களில் இருந்தது: மகள் மணமாகிப் போகிறவள், ஆகவே பிறந்த வீட்டின் நிலத்தில் அவளுக்கு நிலையான இடம் தேவையில்லை.

கல்கத்தாவுக்குப் பிறகு பாட்னா உயர் நீதிமன்றத்தில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். 1972 முதல் டெல்லி. பெண் வழக்கறிஞரிடம் குடும்ப வழக்குகளை மட்டும் கொடுக்கும் பழக்கத்தை ஏற்காமல் வரி வழக்குகள், குற்றவியல், நிறுவனச் சட்டம், அரசமைப்பு வழக்குகள் எனப் பல துறைகளிலும் வாதாடினார். 1977 இல் உச்ச நீதிமன்றம் அவரை மூத்த வழக்கறிஞராக ஏற்றது. 1978 இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1991 ஆகஸ்டில் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்று, 1992 அக்டோபரில் ஓய்வு பெற்றார். உச்ச நீதிமன்றத்துக்கு அவர் உயர்த்தப்படவில்லை. 1997 இல் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தலைமையில் அமைந்த பதினைந்தாவது சட்ட ஆணையத்தில் உறுப்பினரானபோது, பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வழக்குகளின் முடிவிடத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு, வழக்குகள் தொடங்கும் இடமாகிய சட்டத்தின் வாசகத்தையே திருத்தும் வாய்ப்பு முதன்முறையாகக் கிடைத்தது.

பங்காளி என்ற சொல்

தமிழில் பங்காளி என்ற சொல்லுக்கு ஒரே குலவழியில் வந்த ஆண் என்றுதான் பொருள். பங்காளி வேறு, மாமன் மச்சான் வேறு. பெண்ணைப் பங்காளி என்று எந்த ஊரிலும் அழைப்பதில்லை. இந்தியாவின் பெரும்பகுதியில் வழங்கிய பழைய இந்துச் சட்ட மரபான மிதாட்சர முறையின் கூட்டுப்பங்குரிமை என்பதும் இதே கருத்தின் சட்ட வடிவமே: பூர்வீகச் சொத்தில் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்ற ஆண்வழியினர் பிறந்த கணமே உரிமை பெற்றனர், ஒருவர் இறந்தால் அவர் பங்கு எஞ்சிய ஆண்களுக்குச் சேர்ந்தது. மகள் எத்தனை ஆண்டு அந்த வீட்டில் வாழ்ந்தாலும் அந்த வட்டத்துக்கு வெளியேதான் நின்றாள்.

இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவின் போராட்டமும், அது முடக்கப்பட்டதை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டு 1951 இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்ததும் பலரும் அறிந்தவை. துண்டு துண்டாகப் பிரித்து நிறைவேற்றப்பட்ட சட்டங்களில் ஒன்றான 1956 ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் பெண்களுக்குப் பெரிய முன்னேற்றங்களைத் தந்தது என்பதை மறுக்க முடியாது. பெண் பெற்ற சொத்து ஆயுட்கால அனுபவமாக இல்லாமல் முழு உரிமையாயிற்று. தந்தையின் தனிச் சொத்தில் மகளும் மகனும் சமமாயினர். ஆனால் 6 ஆவது பிரிவு ஆண்களின் கூட்டுப்பங்குரிமையைத் தொடாமல் விட்டது. 23 ஆவது பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரையில் பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது. திருமணமாகிக் கணவரோடு வாழும் மகளுக்கு அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையும் இல்லை. 4 ஆவது பிரிவின் ஓர் உட்பிரிவு, வேளாண் நிலக் குத்தகை உரிமை, நில உச்சவரம்பு, நிலம் துண்டாடப்படுவதைத் தடுத்தல் ஆகியவை பற்றிய மாநிலச் சட்டங்களுக்கு விலக்களித்தது. முன்வாசலில் வரவேற்றுவிட்டு உள்ளறைக் கதவைச் சாத்திவைத்த சட்டம் என்று அதைச் சொல்லலாம்.

மாநிலங்கள் முன்னே சென்றன

லீலா சேத்தின் பங்கை மிகைப்படுத்தாமல் அளக்க வேண்டுமானால், அவருக்கு முன்பே ஐந்து மாநிலங்கள் இந்தக் கதவைத் தட்டியிருந்தன என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். கேரளம் 1975 இல் சட்டமியற்றி, 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. ஆந்திரப் பிரதேசம் அதற்கு நேர்மாறான வழியில், கூட்டுக்குடும்பத்தை வைத்துக்கொண்டே மகளையும் பிறப்பால் பங்குரிமையாளர் ஆக்கியது. அச்சட்டம் 1985 செப்டம்பர் 5 முதல் செல்லும். தமிழ்நாடு 1990 ஆம் ஆண்டின் 1 ஆவது சட்டத்தின் மூலம், 1989 மார்ச் 25 முதல் செல்லுபடியாகும் வகையில், ஆந்திர வழியைப் பின்பற்றியது. 1994 இல் கர்நாடகமும் மகாராஷ்டிரமும் சேர்ந்துகொண்டன.

தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு ஓர் அறுபது ஆண்டு முன்கதை உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. அதே மரபில் வந்த ஓர் அரசு, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, அதைச் சட்டமாக்கியது. ஆயினும் அச்சட்டத்திலும் ஒரு வரம்பு இருந்தது: 1989 மார்ச் 25 க்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. ஒரே வீட்டில் பிறந்த அக்காவுக்கு உரிமை இல்லாமலும் தங்கைக்கு உரிமை இருந்தும் போனதன் காரணம், அக்காவுக்கு முன்னதாக மாப்பிள்ளை அமைந்தது என்பதே. அந்த ஆண்டுகளில் திருமணமான தலைமுறைப் பெண்கள் பலர் இன்றும் இதை ஆறாத வருத்தத்தோடு பேசுவதைக் கேட்க முடியும்.

174 ஆவது அறிக்கை

2000 ஆம் ஆண்டு மே மாதம் அரசிடம் சேர்ந்த 174 ஆவது அறிக்கைக்கு இந்துச் சட்டத்தில் பெண்களின் சொத்துரிமையே பொருள். இதை ஆராயும்படி அரசு கேட்கவில்லை. ஆணையம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட பணி இது. வினாப்பட்டியல் அனுப்பிக் கருத்துக் கேட்டு, ஐந்து மாநிலச் சட்டங்களையும் ஒப்பிட்டு, ஒரு மசோதா வரைவையும் இணைத்துக் கொடுத்தது.

அறிக்கையின் நுட்பம் அது எழுப்பிக்கொண்ட ஒரு கேள்வியில் இருக்கிறது. கேரள வழியா, ஆந்திர வழியா? சமத்துவத்தை விரும்புகிற எவருக்கும் கேரள வழியே துணிவானதாகத் தோன்றும்: ஆண்வழி அமைப்பையே ஒழித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. ஆணையம் இதன் விளைவை ஊன்றிப் பார்த்தது. கூட்டுக்குடும்பத்தை இன்றே ஒழித்தால், ஒழிக்கப்படும் அந்த நாளில் பங்குரிமையாளர்களாக இருப்பவர் யார்? ஆண்கள் மட்டுமே. ஆகவே அவர்கள் தத்தம் பங்குக்குத் தனி உடைமையாளர்களாகப் பிரிந்துபோவார்கள். பெண்களுக்கு ஏற்கெனவே 6 ஆவது பிரிவு கொடுத்திருந்ததற்கு மேல் எதுவும் கிடைக்காது. நமது ஒன்பது ஏக்கரில் தந்தையும் மகன்களும் மூன்று மூன்று ஏக்கரோடு வெளியேறுவார்கள். மகள் பழைய இடத்திலேயே நிற்பாள். எனவே முதலில் மகளை மகனுக்கு இணையாகப் பிறப்பால் பங்குரிமையாளர் ஆக்க வேண்டும்; அதன் பிறகு ஆண்களிடையே மட்டும் கைமாறும் எஞ்சியோர் உரிமையை நிறுத்தி, இறப்பவரின் பங்கு வாரிசுரிமைப்படியே இறங்கச் செய்ய வேண்டும். இரண்டு வழிகளையும் இணைக்க வேண்டும், அதுவும் இந்த வரிசையில்தான் இணைக்க வேண்டும் என்பதே அறிக்கையின் முடிவு.

கொள்கை அளவில் சமத்துவம் பேசுவோர் பலர் உண்டு. ஒரு சட்ட வாசகம் நடைமுறைக்கு வரும் முதல் நாளில் யார் கையில் என்ன இருக்கும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. வரிச் சட்டத்திலும் நிறுவனச் சட்டத்திலும் பழகிய ஒரு வழக்கறிஞரின் கை இந்தப் பகுதியில் தெரிகிறது என்பது என் கணிப்பு. கூட்டாகக் கையெழுத்திட்ட ஓர் அறிக்கையில் எந்தப் பத்தி யாருடையது என்று பிரிப்பது முறையாகாது. இருப்பினும் இந்த அறிக்கைக்கான பொறுப்பு லீலா சேத்துடையதாகவே பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது.

அறிக்கை 23 ஆவது பிரிவை நீக்கச் சொன்னது. தந்தையின் கடனை அடைப்பது மகனின் சமயக் கடமை என்ற பழைய கோட்பாட்டைக் கைவிடச் சொன்னது. உரிமை சமமாகும்போது பொறுப்பின் பழைய கணக்கும் போகவேண்டும் அல்லவா? ஆனால் இரண்டு இடங்களில் அது தயங்கியது. முதலாவது, சட்டம் வருவதற்கு முன்பே திருமணமாகிவிட்ட மகள்களை விலக்கியது. தமிழ்நாட்டின் அக்கா தங்கை வேறுபாடு நாடு முழுமைக்கும் நீடித்திருக்கும். நடந்து முடிந்த திருமணங்களையும் சீதனங்களையும் குடும்ப ஏற்பாடுகளையும் கலைக்க வேண்டாம் என்ற சமநிலைப் பார்வை அதற்குக் காரணமாயிற்று. இரண்டாவது, உயிலெழுதும் உரிமைக்கு வரம்பு கட்டவேண்டும் என்ற கருத்தை அது ஏற்கவில்லை. தம் பங்கு முழுவதையும் மகன்களுக்கே எழுதிவைக்க ஒரு தந்தைக்கு உள்ள உரிமை அப்படியே நின்றது.

நாடாளுமன்றம் அறிக்கையைத் தாண்டியது

அறிக்கை நான்கு ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் இருந்தது. 2004 டிசம்பர் 20 அன்று மாநிலங்களவையில் அறிமுகமான திருத்த மசோதா பெரும்பாலும் அறிக்கையின் வரைவை ஒட்டியே இருந்தது. மணமான மகள்களுக்கான விலக்கும் அதில் இருந்தது. மசோதா, சட்டம் நீதி தொடர்பான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குச் சென்றது. குழுவின் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் இ.எம். சுதர்சன நாச்சியப்பன். மணமான மகள்களை விலக்கக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. இன்னொரு புறம், வேளாண் நிலம் மசோதாவின் வரம்புக்கு வெளியே விடப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டிப் பொருளியலாளர் பீனா அகர்வால் முன்னெடுத்த இயக்கத்தில் பெண்கள் அமைப்புகளும் பிறரும் இணைந்தனர். இந்தியாவில் பெரும்பாலான குடும்பங்களின் சொத்து என்பதே நிலம்தான்; அதை விட்டுவிட்டு அளிக்கப்படும் சமத்துவத்துக்குப் பொருள் என்ன என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி.

இரண்டு கோரிக்கைகளும் ஏற்கப்பட்டன. 2005 ஆம் ஆண்டின் 39 ஆவது சட்டமாக நிறைவேறி, செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் மணமான மகள், மணமாகாத மகள் என்ற வேறுபாடு இல்லை. 4 ஆவது பிரிவின் விலக்கு உட்பிரிவும் 23 ஆவது பிரிவும் நீக்கப்பட்டன. எஞ்சியோர் உரிமைக்குப் பதில் வாரிசுரிமை என்ற அறிக்கையின் இரண்டாம் பாதியும் புதிய 6 ஆவது பிரிவில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 க்கு முன் திருமணமாகி வெளியே நிறுத்தப்பட்டிருந்த அக்காக்களும், பழைய பாகப்பிரிவினை எதுவும் குறுக்கே இல்லாவிட்டால், அன்றைக்குத்தான் உள்ளே வந்தார்கள்.

இந்த ஒப்பீட்டிலிருந்து தாக்கத்தின் வடிவம் ஓரளவு துலங்குகிறது. திருத்தத்தின் எலும்புக்கூடு, அதாவது பிறப்புரிமை முதலில், எஞ்சியோர் உரிமையின் முடிவு அடுத்தது என்ற கட்டமைப்பு, அறிக்கையிலிருந்து வந்தது. அதன் வீச்சு, அதாவது யார் யாருக்கு, எந்தச் சொத்துக்கு என்பது, நிலைக்குழுவாலும் மக்கள் இயக்கத்தாலும் விரிந்தது. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைத்தால் அது வாழ்த்துப்பாவாகிவிடும்; பின்னதைச் சொல்லி முன்னதைச் சிறுமைப்படுத்துவதும் தகாது. தாண்டிச் செல்வதற்கு ஒரு வரைவு மேசையில் இருந்ததால்தான் தாண்ட முடிந்தது.

பதினைந்து ஆண்டு வழக்கு

சட்டம் வந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. 2005 செப்டம்பர் 9 க்கு முன்பே தந்தை இறந்துவிட்டால் மகளுக்குப் பங்குரிமை உண்டா? 2015 அக்டோபரில் பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்த நாளில் தந்தையும் உயிரோடு இருக்கவேண்டும், மகளும் உயிரோடு இருக்கவேண்டும் என்றது. 2018 பிப்ரவரியில் தானம்மா வழக்கில் இன்னொரு இரு நீதிபதிகள் அமர்வு, 2001 இலேயே இறந்துவிட்டவரின் மகள்களுக்குப் பங்கு அளித்தது. இரண்டும் பொருந்தாமல் நின்றதால் கீழ் நீதிமன்றங்களில் குழப்பம் ஏற்பட்டது. தந்தை இறந்த தேதியைப் பொறுத்து மகளின் வாழ்வு தீர்மானிக்கப்படும் நிலை சில ஆண்டுகள் நீடித்தது.

2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது. பிறப்பால் வரும் உரிமைக்குத் தந்தை குறிப்பிட்ட ஒரு நாளில் உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல. 2004 டிசம்பர் 20 க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் கலைக்க முடியாது; வாய்மொழியாகவே பிரித்துக்கொண்டோம் என்ற வாதத்தைப் பொது ஆவணங்களின் வலுவான சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது. வாய்மொழிப் பிரிவினை குறித்த இந்த எச்சரிக்கை மிக முக்கியமானது, ஏனெனில் மகள் வழக்குத் தொடுத்த பிறகு முன்தேதியிட்டு நினைவுக்கு வரும் பாகப்பிரிவினைகள் நம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குப் புதியவை அல்ல. லீலா சேத் இந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை. 2017 மே 5 அன்று மறைந்தார். 174 ஆவது அறிக்கை அரசிடம் சேர்ந்ததிலிருந்து இந்தத் தீர்ப்பு வரை கணக்கிட்டால் இருபது ஆண்டுகள் ஆகின்றன.

இரண்டு கையெழுத்துகள்

சொத்துரிமையோடு ஆய்வை நிறுத்தினால் ஒரு முக்கியமான சான்று விடுபடும். 174 க்குச் சில வாரங்கள் முன்னதாக, 2000 மார்ச் மாதம், அதே ஆணையம் பாலியல் வன்முறைச் சட்டங்களைப் பற்றிய 172 ஆவது அறிக்கையைக் கொடுத்தது. குற்றத்தின் வரையறையை விரிவாக்கச் சொன்ன அந்த அறிக்கை, பாதிக்கப்பட்ட பெண்ணின் நடத்தையைக் கொண்டு அவர் சாட்சியத்தைக் குலைக்க வழிவிட்ட சாட்சியச் சட்டப் பிரிவை நீக்கச் சொன்னது. தன்பால் உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆவது பிரிவையும் நீக்கச் சொன்னது. இவ்வளவு முன்னே சென்ற அறிக்கை, மனைவி மீதான பாலியல் வன்முறையைக் குற்றமாகக் கருதாத விதிவிலக்கை நீக்குமாறு பெண்கள் அமைப்பு ஒன்று கேட்டபோது மறுத்துவிட்டது. மண உறவில் அளவுக்கு மீறிய தலையீடாக அது அமையக்கூடும் என்பது ஆணையம் சொன்ன காரணம். அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் லீலா சேத்தும் ஒருவர்.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கொடூரமாகத் தாக்கப்பட்டதை அடுத்து, நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் லீலா சேத்தும் மூத்த வழக்கறிஞர் கோபால் சுப்பிரமணியமும் உறுப்பினர்களாக ஒரு குழு அமைந்தது. ஏறத்தாழ 80,000 கருத்துரைகள் வந்து குவிந்தன. அவற்றை ஆராய்ந்து 29 நாட்களில், 2013 ஜனவரி 23 அன்று, குழு அறிக்கை அளித்தது. அது அந்த விதிவிலக்கை நீக்கவேண்டும் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. திருமணம் என்பது ஒப்புதலுக்கு ஈடாகாது என்றது. கூடவே, நாடே கொதித்துக்கொண்டிருந்த வேளையிலும் மரண தண்டனையைப் பரிந்துரைக்க மறுத்தது.

பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே கேள்விக்கு இரு வேறு விடைகள். இரண்டின் அடியிலும் அதே கையெழுத்து. முன்னோடி என்று ஒருவரைப் போற்றும் எழுத்துகள் இத்தகைய இடங்களை ஓசையின்றிக் கடந்துவிடுவது வழக்கம். எனக்கு இது கடக்கத் தகாத இடமாகத் தோன்றுகிறது. எழுபதைத் தொடவிருந்த வயதில் ஒப்புக்கொண்ட ஒரு முடிவை எண்பத்திரண்டாம் வயதில் பொதுவெளியில் மாற்றிக்கொள்ள ஒரு நீதிபதிக்கு நேர்மை வேண்டும். அந்த நேர்மையும் அவர் விட்டுச்சென்ற தாக்கத்தின் ஒரு பகுதி. 2013 ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டம் பின்தொடர்தல், மறைந்து படமெடுத்தல், அமில வீச்சு ஆகியவற்றைத் தனிக் குற்றங்களாக்கி, வரையறையை விரிவுபடுத்தியது. ஆனால் மண உறவு விதிவிலக்கை விட்டுவைத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63 ஆவது பிரிவிலும், மனைவியின் வயது வரம்பு 18 ஆகியிருக்கிறதே தவிர, அது தொடர்கிறது. 377 ஆவது பிரிவைப் பொறுத்தவரை, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று மீண்டும் நிலைநிறுத்தியபோது, தன்பாலீர்ப்பு கொண்ட மகனின் தாயாகவும் முன்னாள் நீதிபதியாகவும் அவர் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். 2018 செப்டம்பர் 6 அன்று, மனமொத்த வயதுவந்தோரின் உறவுகளைப் பொறுத்தவரை, அப்பிரிவு செல்லாது என்று அதே நீதிமன்றம் அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஏட்டிலிருந்து பட்டாவுக்கு

சட்டம் மாறியதால் நிலம் கைமாறியதா? 2015–16 ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சாகுபடி நிலங்களை நடத்துவோரில் பெண்கள் சுமார் 14 விழுக்காடு. இது எல்லாச் சமயத்தவரையும் உள்ளடக்கிய எண். நில உடைமையை நேராகக் குறிப்பதும் அல்ல. ஆகவே 2005 திருத்தத்தின் வெற்றி தோல்வியை இந்த ஒற்றை எண்ணில் ஏற்றிவைப்பது தவறு. மாநிலச் சட்டங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வந்ததைப் பயன்படுத்திப் பொருளியலாளர்கள் செய்த ஒப்பீட்டு ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. மகள்கள் நிலம் பெறுவதற்கான வாய்ப்பு கூடியதென்றும், அவர்களின் படிப்பும் திருமண வயதும் உயர்ந்ததென்றும் சில கண்டன. வேறு சில, தந்தையர் உயிரோடு இருக்கும்போதே நிலத்தை மகன்களுக்குத் தானமாக எழுதிவைத்து, மகளுக்குப் படிப்பாகவோ வரதட்சணையாகவோ ஈடு செய்ததைக் காட்டின. உயில் உரிமைக்கு வரம்பு கட்ட ஆணையம் தயங்கிய இடத்தின் விளைவு இங்கே எதிரொலிக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் வேளாண் நிலத்தின் வாரிசு வரிசை மாநில நிலச் சட்டத்தால் இன்னும் ஆண்வழிக்கு முன்னுரிமை தருவதும் தீராத சிக்கலே.

2005 திருத்தம் தொடாத 15 ஆவது பிரிவும் இருக்கிறது. பிள்ளைகளும் கணவரும் இல்லாமல் உயிலின்றி இறக்கும் பெண் தாமே சம்பாதித்த சொத்து, பெற்றோருக்கு முன்னதாகக் கணவரின் வாரிசுகளுக்கு இறங்கும். திருமணமாகிச் சில மாதங்களிலேயே கணவரைப் பாம்புக்கடிக்கு இழந்து, பிறந்த வீட்டுக்குத் திரும்பி, அங்கேயே படித்து வேலைக்குப் போய்ச் சேமித்த ஒரு பெண்ணின் சொத்து, அவரை நாற்பது ஆண்டுகளாகக் கவனியாத கணவர் வீட்டு உறவினருக்கே சேரும் என்று 2009 இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் காரணமாகத் தீர்ப்பளிக்க நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே 207 ஆவது அறிக்கையில் சட்ட ஆணையம் இதைத் திருத்தச் சொல்லியிருந்தது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, தாக்கத்தை அளக்க விரும்பும் ஆய்வாளர் போகவேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம் என்பேன். இப்போது பூர்வீக நிலம் விற்கவோ அடமானம் வைக்கவோ முற்படும் குடும்பத்திடம் வாங்குபவரின் வழக்கறிஞரும் வங்கியும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, மகள்கள் கையெழுத்துப் போட்டார்களா என்பது. வாரிசுச் சான்றில் பெயர் இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் தேடப்படுகிறார். வெளியூரில் இருந்தால் வரவழைக்கப்படுகிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கையெழுத்தை யாரும் தேடியதில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து பெரும்பாலும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் விழுவதில்லை. அண்ணன் தம்பிகளுக்கு உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் விழுகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிறந்த வீட்டுச் சீர் வரவேண்டும், தன் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தும்போது மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் வேண்டும் என்ற நினைப்பு அவர் பேனாவை நகர்த்துகிறது.

அந்த விடுதலைப் பத்திரங்களின் எண்ணிக்கையை பாகப்பிரிவினைப் பத்திரங்களோடு ஆண்டுவாரியாக, வட்டம் வட்டமாக ஒப்பிட்டு, உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக மகளுக்குக் கொடுத்ததாகப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும் தொகையை அந்தப் பங்கின் வழிகாட்டி மதிப்போடு வைத்துப் பார்க்கும் வேலை முறையாகச் செய்யப்பட வேண்டும். ஒன்பது ஏக்கரில் மகளுக்குரிய மூன்று ஏக்கர், எந்தப் பக்கத்தில், என்ன விலைக்கு, யார் பெயருக்குப் போகிறது என்பது அந்தப் பதிவேடுகளில்தான் இருக்கிறது.